இடமாற்றக் கடிதம் வரும்வரை: வன்னியில் சுகாதாரக் கல்விப் பணிக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் சுகாதாரப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள், வர நினைப்பவர்கள், வந்து களைத்துப்போனவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். 2010இல் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்தபோது தகரக் கொட்டிலில் கிளினிக் நடத்திய நாளிலிருந்து இந்த மண்ணில் வேலை செய்தவன் என்பதே எனக்குள்ள தகுதி. சில பதில்கள் சுற்றறிக்கைகளோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம்.

சுகாதாரக் கல்வி என்றால் கூட்டம் வைத்து மக்களுக்கு அறிவுரை சொல்வதுதானே?

நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன். முதல் ஆண்டில் ஒரு கிராமத்துக் கர்ப்பிணித் தாய்மாரை முன்பள்ளிக் கட்டடத்தில் இருத்தி, இரத்தச்சோகை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் குருதிப் பரிசோதனை முடிவுகள் இம்மியும் அசையவில்லை.

தாய்சேய் நலம் பார்க்கும் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்தவர். அவர் வீடு வீடாகப் போனார். ஒரு வீட்டில் இரும்புச்சத்துக் குளிசைகள் பிரிக்கப்படாமல் கூரையில் செருகியபடி இருந்தன. இரண்டாவது வீட்டுக் கர்ப்பிணி குளிசையை ஒழுங்காக விழுங்கியிருக்கிறாள். வாயில் நிற்கும் அந்த மணம் போகட்டும் என்று உடனே ஒரு பிளேன்ரீயும் குடித்திருக்கிறாள். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதை நான் கூட்டத்தில் சொல்லத்தான் செய்தேன், ஒரு மணி நேரம் கடந்து எல்லோரும் கொட்டாவி விட்ட பிறகு. மூன்றாவது வீட்டில் மலம் கறுப்பாகப் போவதைக் கண்ட மாமியார், "உள்ளே ஏதோ புண்" என்று பயந்து குளிசையை நிறுத்திவிட்டார். குளிசை எடுப்பவர்களுக்கு மலம் கறுப்பது வழக்கம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வீட்டுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. நான் எல்லோருக்கும் ஒரே பேச்சைப் பேசியிருந்தேன். அடுத்த கூட்டத்துக்குத் தாய்மாரை விட்டு மாமியார்மாரை அழைத்தோம். இருபது நிமிடம், ஒரே செய்தி: இரும்புக் குளிசையை விற்றமின் சி குளிசையோடு சேர்த்துக் கொடுங்கள், கல்சியத்தை வேறு வேளைக்கு வையுங்கள், தேநீரைத் தள்ளிப்போடுங்கள். வீட்டில் தேநீர் ஊற்றுபவரே காவலாளி ஆனபின் குளிசை கூரையில் தங்கவில்லை.

தலைமை என்று எதைச் சொல்கிறீர்கள்? சுகாதார வைத்திய அதிகாரி இருக்கும்போது மற்றவர்கள் தலைவர்களாக முடியுமா?

இலங்கையின் சுகாதாரப் பிரிவு முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரத் தாதியச் சகோதரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் என்று அதன் ஏணி இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. கையொப்பம் யாருடையது என்பதை அந்த ஏணி சொல்லிவிடும். ஒரு கிராமம் யார் சொல்லைக் கேட்கிறது என்பது வேறு விடயம்.

வன்னியில் இதை இன்னொரு கோலால் அளக்க வேண்டும். இங்கே நியமனம் கிடைத்த அன்றே இடமாற்ற விண்ணப்பம் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர், வாடகைக்கு வீடு இல்லாமை என்று அவர்களுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் புதிதாக ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டுப்போக, மக்கள் அலுத்துவிடுகிறார்கள். "முன்பு வந்த ஐயாவும் இதைத்தான் சொன்னார்" என்ற பேச்சை எத்தனை திண்ணைகளில் கேட்டிருப்பேன்! ஆகவே ஒருவர் போய் ஆறு மாதம் கழித்து அந்தக் கிராமத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன். அவர் தொடங்கியது அவர் இல்லாமல் நடந்தால், அவர் தலைவர். பெரும்பாலும் அப்படிப்பட்டவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தராகவே இருப்பார்.

வெளிநாடுகளில் தலைமையை ஒரு தகைமையாகக் கற்பிக்கிறார்களாமே?

ஆம். அமெரிக்காவில் சுகாதாரக் கல்வியாளருக்கான சான்றிதழ்த் தேர்வு எட்டுப் பொறுப்புகளை அடிப்படையாகக் கொண்டது. தேவையை அறிதல், திட்டமிடல், நடைமுறைப்படுத்தல், மதிப்பீடும் ஆய்வும், பரிந்து பேசுதல், தொடர்பாடல் ஆகியவற்றுக்குப் பின் ஏழாவதாகத் தலைமையும் முகாமைத்துவமும், எட்டாவதாக அறநெறியும் தொழில்முறைமையும் வருகின்றன. 1986இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் மாநாட்டில் பிறந்த ஒட்டாவா சாசனம் சுகாதார மேம்பாட்டாளரின் வேலையை மூன்று வினைகளில் அடக்கியது: மக்களை இயலச்செய்தல், இடைநின்று இணக்குதல், பரிந்து பேசுதல். மூன்றிலும் 'போதித்தல்' இல்லை என்பதைக் கவனியுங்கள். படித்து வைத்துக்கொள்ளுங்கள், நேர்முகத் தேர்விலும் உதவும்.

புதிய கிராமம் ஒன்றில் யாரைப் பிடித்துத் தொடங்குவது?

கிராம அலுவலரைச் சந்திப்பது மரியாதை, அதை முதலில் செய்துவிடுங்கள். பிறகு மரண சகாய சங்கத்தைத் தேடுங்கள். சிரிக்க வேண்டாம். கிராம அபிவிருத்திச் சங்கம் சில ஊர்களில் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும், விளையாட்டுக் கழகம் இரண்டாக உடைந்திருக்கும். மரண சகாய சங்கத்துக்கு மட்டும் எல்லா வீடும் சந்தா கட்டும். எந்த வீட்டில் யார் என்ன நோயில் போனார் என்பது அதன் செயலாளருக்குத் தெரியும். மாரடைப்பு பற்றியும் சர்க்கரை வியாதி பற்றியும் அந்தக் கூட்டத்தில் பேசிப்பாருங்கள், ஊசி விழும் சத்தம் கேட்கும்.

அடுத்தது, நேரம். காலபோக விதைப்பு நாட்களில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வயதானவர்களும் நாய்களும்தான் வருவார்கள். கமக்காரர்கள் தாங்களாகவே கூடும் இடம் ஒன்று உண்டு: குளத்து நீரை எந்தத் திகதியில் திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கும் போகக் கூட்டம். அங்கே தலைவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். எலியின் சிறுநீர் கலந்த வயல் நீர், காலில் உள்ள வெடிப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பெயர் பதிந்து டொக்சிசைக்கிளின் வாங்கி வாரந்தோறும் எடுங்கள். காய்ச்சலோடு தசை நோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் கடையில் பனடோல் வாங்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள், வயலில் இறங்கியதை டொக்டரிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு இது போதும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் உயிர்கள் போனதை எல்லோரும் செய்தியில் பார்த்தார்கள். அதன்பின் கேட்பவர்களின் காது திறந்திருக்கிறது.

கரையோர ஊர்களில் இதே கணக்கைக் கடல் போடும். கடற்றொழிலாளர் சங்கத்திடம் கேட்டால், எந்த நாளில் படகு இறங்காது என்று சொல்லிவிடுவார்கள்.

பாம்பு கடித்தால் எங்கள் ஊரில் விசகடி வைத்தியரிடம்தான் முதலில் போகிறார்கள். அவரை எதிர்த்துப் பிரசாரம் செய்யலாமா?

செய்யலாம், தோற்றும் போகலாம். ஒரு சக உத்தியோகத்தர் ஒலிபெருக்கி கட்டிப் பேசினார். அதற்குப் பிறகு அந்த ஊர் அவரிடம் பாம்புக்கடி பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டது. கடி நின்றதாகத் தகவல் இல்லை.

இது நம்பிக்கையோடு பின்னிய விடயம். பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்குத் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர்த்தி வைப்பதை நாம் தடுக்கவேண்டிய தேவையே இல்லை. தடுக்க வேண்டியது தாமதத்தை. நான் அந்த வைத்தியரின் வீட்டுக்குப் போய் அவர் தந்த தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டேன்: "ஐயா, உங்களாலும் முடியாது என்று எப்போது தெரியும்?" கண்மடல் தானாகக் கீழே விழுந்தால், கடிவாயிலோ பல்முரசிலோ இரத்தம் நிற்காமல் கசிந்தால், சிறுநீர் சிவந்தால் என்று தயங்காமல் சொன்னார். முதலாவது நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும் அடையாளம். மற்றவை பெரும்பாலும் கண்ணாடி விரியனின் வேலை. அவருக்குத் தெரிந்திருந்தது. "அந்த அடையாளம் வருமுன்னரே அனுப்பிவிட்டால் உங்கள் பெயரும் காப்பாற்றப்படும்" என்றேன். அவர் வீட்டுச் சுவரில் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

மக்களிடம் சொல்ல வேண்டியவை அதிகம் இல்லை. கடிபட்ட இடத்தைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். அவயவத்தை அசைக்காமல் வைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்துக்கொண்டு வரப் புறப்பட்டு இரண்டாவது ஆள் கடிபட வேண்டாம். தரையில் பாய் போட்டுப் படுப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் இருக்கலாம். விடியற்காலை வயிற்றுவலி என்று எழுபவரைச் 'சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

தடுப்பூசி பற்றி வதந்தி பரவினால் என்ன செய்வது?

2017 முதல் ஆறாம் தரத்து மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான எச்.பீ.வீ. தடுப்பூசி பள்ளிகளில் போடப்படுகிறது. ஒரு பள்ளியில் ஊசிக்கு முதல் நாள் இரவு, 'இது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் ஊசி' என்று ஒரு குரல்பதிவு தாய்மாரின் கைத்தொலைபேசிகளில் சுற்றியது. மறுநாள் பாதி வகுப்பு வரவில்லை.

எங்களில் சிலர் பொலிஸில் முறையிட வேண்டும் என்றார்கள். இந்த மண்ணில் அது எண்ணெய் ஊற்றும் வேலை. போரைப் பார்த்த, முகாமில் இருந்த மக்களுக்கு, அரசாங்கம் ஊசியோடு வருகிறது என்றால் சந்தேகம் வருவதற்கு அவர்களின் வாழ்க்கையிலேயே காரணம் இருக்கிறது. அதை அறியாமை என்று பெயரிட்டு ஒதுக்கியவர் யாரும் இங்கே நிலைத்ததை நான் காணவில்லை. நாங்கள் ஊசியை இரண்டு வாரம் தள்ளிவைத்தோம். ஆசிரியை ஒருவர் தம் மகளுக்கு ஊசி போட்டிருந்தார். அவரே தாய்மாரோடு அமர்ந்தார். கேள்விகளைத் துண்டுத்தாளில் பெயர் இல்லாமல் எழுதச் சொன்னோம். வந்த கேள்விகளில் பாதி ஊசியைப் பற்றியதே இல்லை, மாதவிடாய் பற்றியவை. அன்றைக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டது.

தொழில்சார் சேவை என்கிறார்களே, சம்பளத்துக்குச் செய்யும் வேலையைத் தவிர அது என்ன?

சங்கத்தில் பதவி வகிப்பது, பயிற்சி மாணவரை உடன் அழைத்துச் செல்வது, பாடசாலைச் சுகாதாரக் கழகத்துக்குத் துணைநிற்பது, களத்தில் கண்டதை எழுதி மாநாட்டில் வாசிப்பது எல்லாம் அதில் அடங்கும். ஆனால் தமிழில் வேலை செய்பவருக்கு இவற்றுக்கெல்லாம் முன்னால் வருவது ஒன்று: மொழி.

கொழும்பில் தயாராகும் துண்டுப்பிரசுரங்கள் பல முதலில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டுத் தமிழுக்கு வருபவை. சில நன்றாக இருக்கும். சிலவற்றை வாசித்தால் நோய் வந்துவிடும். 'கழிவகற்றல் பின்னரான கரத்தூய்மையாக்கம்' என்று ஒரு சுவரொட்டி பார்த்தேன். மலசலகூடத்துக்குப் போய்வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள் என்பதுதான் விடயம். இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதா, திருத்திய வாசகத்தை எழுதி அனுப்புவதா? அனுப்புவதுதான் தொழில்சார் சேவை. நான் அனுப்பிய திருத்தங்கள் எத்தனை குப்பைக்கூடைக்குப் போயினவோ, ஏற்கப்பட்ட இரண்டு மூன்றை இன்றும் கிளினிக் சுவர்களில் பார்க்கிறேன். எழுதியதை அச்சுக்கு விடுமுன் ஐந்தாறு பேரிடம் வாசிக்கக் கொடுத்து, "இதில் என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று கேளுங்கள். "விளங்குகிறதா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் விளங்குகிறது என்றுதான் சொல்வார்கள்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். கடல் கடந்து வந்தவரால் முடிந்தது. தாய்மொழியாகத் தமிழைக் கொண்ட நாம் ஒரு கைகழுவும் சுவரொட்டியோடு மல்லுக்கட்டுகிறோம்.

மலேரியா ஒழிந்துவிட்டது என்கிறார்கள். பிறகேன் இன்னும் இரத்தம் எடுக்கிறீர்கள் என்று மக்கள் கேட்டால்?

நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டுக் கதையைச் சொல்லுங்கள். 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. எல்லாம் முடிந்தது என்று கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 வாக்கில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. வன்னியில் வளர்ந்தவர்கள் மலேரியா நடுக்கத்தை வீட்டிலேயே பார்த்தவர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார், 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அதே ஆண்டு முடியுமுன் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்ஸி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகுவது, இந்திய நகரங்களில் மலேரியாவைச் சுமப்பது. நுளம்பு இங்கே இருக்கிறது, கிருமி விமானத்தில் வரக்கூடும். ஆகவே ஆபிரிக்க நாடுகளுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர் முன்கூட்டியே மலேரியாத் தடை இயக்கத்திடம் கேட்டால் தடுப்பு மருந்து இலவசம். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், போய்வந்த நாட்டின் பெயரை டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இல்லாத நோய்க்காக வேலை செய்பவருக்கு மாலை விழாது. அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

நிகழ்ச்சிப் படங்களை முகநூலில் போடலாமா?

பதாகையைப் போடுங்கள், உங்களைப் போடுங்கள். திரிபோஷாச் சத்துமா வாங்கும் தாயின் முகத்தைப் போடாதீர்கள். நிறை குறைந்த பிள்ளையின் தாய் என்று அவள் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. காசநோய், மனநலம், குடும்பக்கட்டுப்பாடு தொடர்பானவை என்றால் பெயரை வீட்டில்கூடப் பேசக்கூடாது. சிறிய ஊரில் 'ஒரு பெண், இரண்டு பிள்ளை, கோயிலடி' என்றாலே போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறிவுரை சொல்பவர் தானும் அதைக் கடைப்பிடிக்க வேண்டுமா?

வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி, "தம்பி, உங்கள் பல்லும் சிவப்பாகத்தானே இருக்கிறது" என்றார். புகையிலை போடுவதில்லை, பாக்கு மட்டும்தான் என்று சமாளித்தேன். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று பத்து நிமிடம் முன்பு சொன்னதும் நான்தான். அன்றோடு விட்டேன், இரண்டு முறை.

தொண்டு நிறுவனங்களின் திட்டங்களோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி?

நன்றியோடும் நாட்காட்டியோடும். மீள்குடியேற்றக் காலத்தில் அவர்கள் கட்டிய மலசலகூடங்களும் கிணறுகளும் இல்லாவிட்டால் வயிற்றோட்டம் எங்களைத் தின்றிருக்கும். மிதிவெடி அபாயக் கல்வியை வீதி நாடகமாகப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனவர்களிடம் நான் பாடம் படித்தேன்: செத்தவரின் படத்தைக் காட்டாமல், 'கண்டால் தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவருக்குச் சொல்' என்று செய்யவேண்டியதைக் காட்டினார்கள். ஆனால் திட்டம் முடியும் திகதியை முதல் நாளே கேளுங்கள். மூன்றாம் நாள் ரோல்ஸும் சோடாவும் நின்றால் வராத குழு, திட்டம் முடிந்தால் எப்படி வரும்? ஒரே குடும்பத்திடம் ஆண்டுக்கு நான்கு பேர் ஒரே கேள்விக்கொத்தை நிரப்புவதையும் நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

வேலை பலித்ததா என்று எப்படிப் பார்ப்பது?

மாதாந்த மாநாட்டுக்கு வரவுப் பதிவேட்டை எடுத்துப்போங்கள், கேட்பார்கள். உங்களுக்காக வேறு ஒன்றைப் பாருங்கள். மழை விட்ட மூன்றாம் நாள், சொல்லாமல் ஐந்து வீட்டுக்குப் போய்ச் சிரட்டையும் டயரும் தண்ணீரோடு கிடக்கின்றனவா என்று பாருங்கள். வைகாசி வற்றாப்பளைப் பொங்கலில் தண்ணீர்ப்பந்தல்காரர் நீங்கள் நிற்காத பக்கத்திலும் குளோரின் இட்ட தண்ணீரைத்தான் ஊற்றுகிறாரா என்று குடித்துப் பாருங்கள்.

இத்துறைக்குள் வர என்ன படிக்க வேண்டும்?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிகளுக்கான ஆட்சேர்ப்பு அறிவித்தல்கள் வர்த்தமானியில் வரும். தகைமைகள் மாறுவதால் அதையே பாருங்கள். ரஜரட்டப் பல்கலைக்கழகம் மிகிந்தலையில் சுகாதார மேம்பாட்டுக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது, வவுனியாவிலிருந்து தொலைவில்லை. சிங்களம் படியுங்கள். ஆங்கிலத்தை விட அது முதலில் உதவும்.

இடமாற்றம் வந்துவிட்டது. என்ன விட்டுச்செல்ல வேண்டும்?

ஒரு கொப்பி. அலுவலகக் கோப்பில் இல்லாதவற்றை அதில் எழுதுங்கள். எந்தக் கிராமத்தில் யார் சொன்னால் கேட்பார்கள், எந்த இரு சங்கங்களை ஒரே நாளில் கூப்பிடக்கூடாது, எந்தப் பாதையில் மாலை ஐந்துக்குப் பின் யானை நிற்கும், எந்த வாக்குறுதியைக் கொடுத்து நிறைவேற்ற முடியாமல் போனீர்கள். கடைசியானதை எழுதக் கை கூசும், ஆனால் வருகிறவர் முதலில் எதிர்கொள்ளப்போவது அதைத்தான். பிறகு ஒரு வாரமாவது அவரைக் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போங்கள். குழுவின் சாவி, பதிவேடு, நிறைபார்க்கும் தராசு எல்லாம் யார் வீட்டில் இருக்கின்றன என்று காட்டுங்கள். அவை அலுவலகத்தில் இருந்தால் நீங்கள் பிந்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என் கொப்பியை வாங்கிய இளைஞர் நின்றநிலையிலேயே அதைப் புரட்டினார். "ஐயா, பதினொராம் பக்கத்தில் 'மாமியார் சங்கம், இரண்டாம் செவ்வாய், பிளேன்ரீ இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இது என்ன?" என்றார்.

அன்று இரண்டாம் செவ்வாய். "ஏறுங்கள் தம்பி" என்று மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையைக் காட்டினேன்.